சி டிரைவில் சிவப்புக் கோடு

புதன்கிழமை காலை பத்தரை மணிக்குக் கம்ப்யூட்டர் திரையின் வலது மூலையில் சின்னதாக ஒரு கட்டம் எட்டிப் பார்த்தது. சி டிரைவில் இடம் குறைந்துவிட்டது என்றது. கும்பகோணத்தில் அந்த வீட்டுப் பெரியவர் பெருக்கல் குறியை அழுத்தி அதை மூடினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. மறுபடி மூடினார். காபி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், அதே கட்டம்.

"கடன்காரன் மாதிரி வாசல்லயே நிக்கிறானே" என்றார்.

"யாருங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, இந்தக் கம்ப்யூட்டரைச் சொன்னேன்."

தாலுகா அலுவலகத்தில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது தெருக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் நலச்சங்கத்துக்குப் பொருளாளர். மாதச் சந்தா, தெருவிளக்குச் செலவு, காவலாளி சம்பளம் எல்லாம் எக்ஸெல்லில். மாதக் கடைசியில் கணக்கைப் பிரின்ட் எடுத்து ஒட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அன்றைக்கு அந்தக் கணக்கு ஃபைல் திறப்பதற்கே ஐந்து நிமிடம் ஆனது. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி மாட்டு வண்டி மாதிரி பின்னாலேயே வந்தது.

'மை கம்ப்யூட்டர்' என்று அவர் இன்னமும் சொல்லும் பக்கத்தைத் திறந்து பார்த்தார். சி டிரைவின் படத்துக்குக் கீழே எப்போதும் நீலமாக இருக்கும் கோடு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சிவப்பு. 223 ஜிபி வட்டில் மிச்சம் இருந்தது 180 எம்பி.

அந்த 223 மீது அவருக்கு ஒரு பழைய கோபம் உண்டு. 2019இல் கம்ப்யூட்டர் வாங்கியபோது பில்லில் 240 ஜிபி என்று போட்டிருந்தது. வீட்டில் வந்து பார்த்தால் 223. பில்லை எடுத்துக்கொண்டு கடைக்கே கிளம்பிவிட்டார். "17 ஜிபியை யாரு எடுத்தது?" என்று கேட்கத்தான். பெங்களூரில் இருக்கும் மகள் போனிலேயே தடுத்து நிறுத்தினாள். வட்டைத் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவார்கள், விண்டோஸ் 1024, 1024ஆக எண்ணும், இருப்பது அதே சரக்குதான் என்று விளக்கினாள். அவன் ஒரு படியில் அளக்கிறான், இவன் வேறு படியில் அளக்கிறான் என்று புரிந்துகொண்டு சமாதானம் ஆனார்.

இப்போதும் மகளுக்குத்தான் போன் செய்தார்.

"அப்பா, மீட்டிங்ல இருக்கேன். ஞாயித்துக்கிழமை ஸ்கிரீன் ஷேர் பண்ணிப் பார்க்கலாம். அதுவரைக்கும் எதையும் அழிச்சுடாதீங்க. சரியாப்பா?"

"சரிம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்தக் கட்டம் மறுபடி வந்தது.

வேண்டாததைக் கழித்துக்கட்டுவது அவருக்குப் புது வேலையா என்ன? தாலுகா அலுவலகத்தில் ஒன்பது வருடம் பதிவறையைப் பார்த்துக்கொண்டவர். சிவப்பு நாடா கட்டிய கோப்புகள் கூரை வரை அடுக்கியிருக்கும் அறை. ஒரு வருடத்தில் அழிக்க வேண்டியது, மூன்று வருடம், பத்து வருடம் வைத்திருக்க வேண்டியது, என்றைக்கும் அழிக்கக்கூடாதது என்று ஒவ்வொன்றுக்கும் ஆயுள் உண்டு. எந்தக் கட்டு எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவருக்குப் போய் ஒரு மேஜைக் கம்ப்யூட்டரில் இடம் பண்ணத் தெரியாதா?

பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். தன்னுடைய ஃபோல்டரில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. சங்கக் கணக்கு, வீட்டு வரி ரசீது, பென்ஷன் ஆர்டர், பேரனின் படங்கள், வருடவாரியாக. அதில் எடுக்க ஒன்றும் இல்லை. கீழே வந்தால் 'புதிய ஃபோல்டர்' என்று ஒன்று. உள்ளே காலி. அதற்குக் கீழே 'புதிய ஃபோல்டர் 2'. அதற்குள் 31 ஃபைல்கள். ரெக்கார்டிங் 1, ரெக்கார்டிங் 2 என்று வரிசையாகப் பெயர். தேதி இல்லை, விவரம் இல்லை.

பதிவறையில் மேலட்டை இல்லாத கட்டைப் பார்த்தால் அவருக்கு எப்படி எரிச்சல் வருமோ, அப்படி வந்தது.

நடுவில் இருந்த ஒன்றை அழுத்திக் கேட்டார். மின்விசிறி கடகடவென்று ஓடும் சத்தம். யாரோ இருமினார்கள். தூரத்தில் குக்கர் விசில். அரை நிமிடம் கேட்டார். இன்னொன்றைத் திறந்தார். அதிலும் மின்விசிறி. மனைவி போனில் தெரியாமல் ரெக்கார்டு பட்டனை அழுத்தியிருப்பாள், அதெல்லாம் எப்படியோ இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று முடிவு செய்தார்.

சும்மா அழித்தால் குப்பைத்தொட்டிக்குப் போகும், அங்கே இருக்கிற வரைக்கும் இடம் குறையாது என்று எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை சொல்லியிருந்தார். அது உண்மைதான். ஷிஃப்டைச் சேர்த்து அழுத்தினால் குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேராகப் போய்விடும் என்றும் சொல்லியிருந்தார். அதுவும் உண்மைதான். 31 ஃபைல்களையும் தேர்ந்தெடுத்து, ஷிஃப்டோடு சேர்த்து டெலீட்டை அழுத்தினார். இவற்றை நிரந்தரமாக நீக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'யெஸ்' கொடுத்தார்.

போய்ப் பார்த்தால் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. 180 எம்பி இருந்த இடத்தில் 320 எம்பி. அவ்வளவுதான். மூலையில் வரும் கட்டம் மட்டும் அன்று மாலை வரை வரவில்லை. மறுநாள் காலையில், விண்டோஸ் தன் அப்டேட் எதையோ இறக்கிக்கொண்டது போல, அந்த இடமும் காணாமல் போய்க் கட்டம் திரும்ப வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி தன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆடுதுறையைத் தாண்டி, குத்தாலம் பக்கத்தில் கிராமம். தம்பி வீட்டில் அம்மா இருக்கிறாள். 86 வயது. மாதம் இரண்டு தடவை மயிலாடுதுறை பஸ் ஏறிப் போய், பகல் முழுக்க இருந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். வந்ததும் முகம் கழுவி, விளக்கேற்றி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து போனைக் கேபிளில் சொருகுவாள். மகள் கற்றுக்கொடுத்தது. காப்பி பண்ணவும் ஒட்டவும் கற்றுக்கொடுத்தவள், ஃபோல்டருக்குப் பெயர் வைக்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

"என்னங்க, இங்க ஒரு ஃபோல்டர் இருந்துச்சே?"

"எது?"

"புதுசு ரெண்டுன்னு போட்டிருக்குமே, அது."

அவர் பேப்பரிலிருந்து நிமிரவில்லை. "அது குப்பை. வெறும் ஃபேன் சத்தம். இடமில்லைன்னு கத்திக்கிட்டே இருந்துது, எடுத்துட்டேன்."

பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேபிள் கையிலேயே இருந்தது.

"அது எங்கம்மா பாட்டுங்க" என்றாள்.

அந்தக் கிழவி ஒரு காலத்தில் நடவு ஆட்களுக்கு முன்பாட்டுக்காரி. குறுவைக்கும் சம்பாவுக்கும் நாற்று முடியைப் பிரித்துக்கொண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். அவள் ஒரு அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டின் வேகத்தில்தான் கை நடும். வெயில் ஏறும்போது ஒரு பாட்டு, மழை தூறினால் ஒரு பாட்டு, கரையேறும் நேரத்துக்கு ஒன்று. இப்போது பல வயல்களில் இயந்திரம் நடுகிறது. பாட்டைக் கேட்க ஆள் இல்லை. அவளுக்கும் இரண்டு வருடமாக ஞாபகம் நழுவத் தொடங்கியிருந்தது. மகளைப் பார்த்து 'நீ யாரு வீட்டுப் பொண்ணு' என்று கேட்ட நாளும் உண்டு. ஆனால் பாட்டு மட்டும் எங்கிருந்தோ வந்துவிடும். முதல் அடியை யாராவது எடுத்துக் கொடுத்தால் போதும்.

அதைத்தான் இரண்டு வருடமாகப் போய்ப் போய்ப் பதிவு செய்துகொண்டிருந்தாள். அவள் போனிலும் எப்போதும் இடம் இருக்காது. அதனால் கம்ப்யூட்டரில் போட்டதும் போனிலிருந்து அழித்துவிடுவாள். கம்ப்யூட்டரில் போட்டால் பத்திரம் என்பது அவள் நம்பிக்கை. அவரிடம் ஏன் சொல்லவில்லை என்றால், அவர் கேட்கவில்லை.

அன்று ராத்திரி அவள் ஒன்றும் பேசவில்லை. தோசை வார்த்தாள், சட்னியை எடுத்து வைத்தாள், படுத்துவிட்டாள். திட்டியிருந்தால் அவருக்குப் பதில் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை கடை திறப்பதற்கு முன்பே, சிபியூவைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு போய் நின்றார். கடையில் இருந்த பையனுக்கு 25 வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் முதலில் இதைத்தான் கேட்டான்.

"அழிச்சதுக்கப்புறம் யூஸ் பண்ணீங்களா சார்?"

"ரெண்டு நாளா ஓடிக்கிட்டுதான் இருந்துது."

பையன் சிபியூவைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். உள்ளே தகடு சுற்றும் பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால் நம்பிக்கை அதிகம் என்றான். அதில் ஃபைலை அழித்தால், அட்டவணையில் அந்த இடம் காலி என்று குறிப்பதோடு சரி. மேலே வேறு எதையாவது எழுதும் வரைக்கும் சரக்கு அங்கேயே கிடக்கும், எடுத்துவிடலாம். இது எஸ்எஸ்டி. இந்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் சொன்னதும், அடுத்து எழுதுவதற்கு வசதியாக வட்டே அதைத் துடைத்து வைத்துக்கொள்ளும். டிரிம் என்று அதற்குப் பெயர்.

"அதனாலதான் சார் இது ஃபாஸ்ட்டா இருக்கு. எதுக்கும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடறேன்."

வட்டைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, மீட்டெடுக்கும் சாஃப்ட்வேரை ஓட்டினான். ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாக ஆனது. அவர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து திரையில் நகரும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று பட்டியல் வந்தது. ரெக்கார்டிங் 1, ரெக்கார்டிங் 2, ரெக்கார்டிங் 3... 31 பெயர்களும் இருந்தன. அவர் எழுந்தே விட்டார். "தம்பி, இதான், இதான்!"

பையன் ஒன்றை எடுத்து ஓட விட்டான். ஓடவில்லை. இன்னொன்று. அதுவும் ஓடவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று வேறொரு ஜன்னலில் திறந்து காட்டினான். வரி வரியாகப் பூஜ்யம். பக்கம் பக்கமாகப் பூஜ்யம்.

"பேரு மட்டும்தான் சார் இருக்கு."

பணம் எவ்வளவு என்று கேட்டதற்கு, எடுத்துக் கொடுக்க முடியலையே சார், எதுக்குப் பணம் என்றுவிட்டான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவருக்குப் பதிவறைதான் ஞாபகம் வந்தது. 34 வருடத்தில் ஒரு காகிதத்தைக்கூட அவர் இப்படி அழித்ததில்லை. அழிக்க வேண்டிய கோப்பு என்றால் முதலில் பட்டியல் போட வேண்டும். எந்தப் பிரிவு, எந்த வருடம், யாருடைய விண்ணப்பம் என்று எழுத வேண்டும். அந்தப் பிரிவு எழுத்தரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் தீ. யாரோ ஒருவர் பட்டாவுக்குக் கொடுத்த மனுவுக்கு அத்தனை மரியாதை செய்தவர், சொந்த வீட்டில், அடுத்த அறையில் இருந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலட்டை இல்லாத கட்டை அவர் அலுவலகத்தில் ஒருநாளும் குப்பை என்று சொன்னதில்லை. யாருடையது என்று விசாரித்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டார். "இதுல எதையாவது யாருக்காவது அனுப்பியிருக்கியா?"

"வாட்ஸ்அப்புல சின்னவளுக்கு அனுப்புவேன். நல்லா வந்ததை மட்டும்."

"வேற?"

"எல்லாருக்கும் எப்பவாவது அனுப்பியிருப்பேன். ஞாபகம் இல்ல."

அதுவரை மனைவி வழிச் சொந்தக்காரர்களுக்குத் தானாகப் போன் செய்து பழக்கம் இல்லாத மனிதர், ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு வரிசையாகப் போன் போட்டார். திருப்பூரில் இருக்கும் மைத்துனி முதலில் பதறிவிட்டாள். "என்ன அத்தான், நீங்க போன் பண்றீங்க? அக்கா நல்லாருக்கால்ல?" விஷயத்தைச் சொன்னதும் தேடிப் பார்த்து அனுப்பினாள். 14 கிடைத்தன. அவள் மகளிடம், அம்மாவிடம் இல்லாதது மூன்று. மன்னார்குடியில் இருக்கும் பெரியம்மா மகளிடம் ஐந்து. மைத்துனன் போன வருடம் போனை மாற்றியவன், அவனிடம் ஒன்றுமே இல்லை. இன்னும் சிலருடைய போனில் ஆடியோவின் அடையாளம் மட்டும் இருந்தது. அவர்கள் அன்றைக்கு இறக்கிக் கேட்காததால், இப்போது அழுத்தினால் அனுப்பியவரிடமே மறுபடி அனுப்பச் சொல்லிக் கேள் என்றது. அனுப்பியவளிடம்தான் இல்லையே.

இரவு பதினோரு மணிக்கு நோட்டைக் கூட்டிப் பார்த்தார். 22 திரும்பியிருந்தன. ஒன்பது இல்லை. எந்த ஒன்பது என்று, கிடைத்ததை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் மனைவி எழுதினாள். ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் இரண்டு வார்த்தை. அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சொன்னபடி மகள் வந்தாள், திரையில். அம்மா முகத்தைப் பார்த்ததுமே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். கேட்டுவிட்டு அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. "முதல்ல கம்ப்யூட்டரைப் பார்ப்போம்பா" என்றாள்.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று ஓரிடம் இருக்கிறது. எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று விண்டோஸே அங்கே பிரித்துக் காட்டும். அவர் முதலில் அங்கே போயிருந்தால், இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அப்டேட்டுகள் விட்டுப்போன மிச்சமும் தற்காலிக ஃபைல்களும் 14 ஜிபி. குப்பைத்தொட்டியில் எப்போதோ போட்டுக் காலி செய்யாதது 9 ஜிபி. தற்காலிக ஃபைல்களை அழிக்கும் அந்தப் பட்டியலிலேயே டவுன்லோட்ஸ் என்றும் ஒரு கட்டம் இருக்கும், அதில் மட்டும் யோசிக்காமல் டிக் போட்டுவிடக்கூடாது, வேண்டிய ஃபைல்கள் அதற்குள்தான் கிடக்கும் என்று மகள் எச்சரித்தாள். விண்டோஸ் என்ற ஃபோல்டருக்குள் போய்க் கையால் எதையும் அழிக்கவே கூடாது என்றாள். ரேம் போதாதபோது கம்ப்யூட்டர் வட்டில் கொஞ்சம் இடத்தைக் கடன் வாங்கிக்கொள்ளும், அதனால்தான் வட்டு நிரம்பினால் எல்லாம் மெதுவாகிவிடுகிறது, எப்போதும் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும் என்றும் சொன்னாள்.

"ஆனா இதெல்லாம் சேர்ந்தும் கணக்கு உதைக்குதேப்பா. பெருசா ஏதோ ஒண்ணு மறைஞ்சு கிடக்கு."

மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டும்படி செய்து, ஒவ்வொன்றாக உள்ளே போகச் சொன்னாள். கடைசியில் ஒரு இடத்தில் வந்து நின்றார்கள். 61 ஜிபி.

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, அது என்னோடதுப்பா" என்றாள்.

2021இல் பிரசவத்துக்கு வந்திருந்தபோது புதுப் போன் வாங்கினாள். பழைய போனில் இருந்ததையெல்லாம் இந்தக் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுத்து, புதியதற்கு மாற்றினாள். குழந்தை பிறந்தது. பேக்கப்பை மறந்துவிட்டாள். அது பாட்டுக்கு யார் கண்ணிலும் படாமல் வட்டில் கால்வாசிக்கு மேல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அழித்த 31 பாட்டும் சேர்ந்து 140 எம்பி. ஒரு ஜிபியில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை.

"அழிச்சுடுங்கப்பா. எல்லாம் புதுப் போன்ல இருக்கு."

"இரு. நல்லா பார்த்தியா? மாப்பிள்ளைகிட்ட கேட்டியா? குழந்தை பொறந்தப்போ எடுத்த படம் எல்லாம் இருக்கான்னு பாரு."

"இருக்குப்பா."

"பார்த்துட்டு எழுத்துல அனுப்பு."

"எழுத்துலயா?"

"வாட்ஸ்அப்புல, அழிக்கலாம்னு எழுதி அனுப்பு."

மகள் சிரித்துவிட்டாள். ஆனாலும் போய்ப் பார்த்தாள். கால் மணி நேரம் கழித்து 'அழிக்கலாம்' என்று வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அழுத்தினார். மொத்தம் 84 ஜிபி காலியானது. சிவப்புக் கோடு பாதியிலேயே நின்று நீலமானது. அன்றைக்கு அந்த நீலத்தைப் பார்த்து யாருக்கும் பெரிதாகச் சந்தோஷம் வரவில்லை.

மதியம் இருவரும் பஸ் ஏறினார்கள். அவர் மாமியார் வீட்டுக்குப் போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. கிழவி கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க மாப்ள" என்றாள். அவரை அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் நின்ற மகளைத்தான் அன்றைக்கு யாரென்று தெரியவில்லை.

மனைவி போய் மின்விசிறியை நிறுத்தினாள். அவர் போனைக் கிழவியின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். காலண்டர் தாளைப் பார்த்து மனைவி முதல் இரண்டு வார்த்தையைப் பாடினாள். கிழவி பேசாமல் இருந்தாள். மறுபடி பாடினாள். மூன்றாம் தடவை, கிழவியின் கை மடியில் மெல்ல அசைந்தது, நாற்றைப் பிரிப்பது மாதிரி. பாட்டு வந்துவிட்டது. முழுசாக வந்தது.

அடுத்ததற்கு ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. நான்காவது வந்தது. இன்னொன்று பாதி வந்து நின்றது. "அப்புறம் என்னம்மா?" என்று மகள் கேட்டாள். "அப்புறம் கரையேறிட்டோம்" என்றாள் கிழவி. சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு அவருக்கு வியர்த்தது. போன் பிடித்த கை வலித்தது. மின்விசிறியைப் போடச் சொல்லவில்லை.

ஒன்பதில் இரண்டு முழுசாகவும் ஒன்று பாதியாகவும் கிடைத்தன. ஆறு போனது போனதுதான். அடுத்த முறை போகும்போது வரலாம். வராமலும் போகலாம்.

வீட்டுக்கு வந்ததும் நீள நோட்டு ஒன்றை எடுத்து, அடிக்கோலால் கட்டம் போட்டார். வரிசை எண், பாட்டின் முதல் அடி, பதிவு செய்த தேதி, எங்கே இருக்கிறது, குறிப்பு. மூன்று இடத்தில் இருக்க வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். கம்ப்யூட்டரில் ஒன்று, தனியாகப் பென்டிரைவில் ஒன்று, இந்த வீட்டிலேயே இல்லாமல் மகளிடம் ஒன்று. ஒரு வீட்டில் என்ன நடந்தாலும் இன்னொரு இடத்தில் இருக்கும். கம்ப்யூட்டரில் 'புதிய ஃபோல்டர் 2' இருந்த இடத்தில், மாமியார் பெயரில் ஒரு ஃபோல்டர் வந்தது. பெயர் மாற்றுவது எப்படி என்று மனைவிக்கும் சொல்லிக் கொடுத்தார்.

நோட்டின் மேலட்டையில் பெரிதாக 'நிரந்தரம்' என்று எழுதினார்.

24 பாட்டும் ஒரு பாதியும் எழுதி முடிக்க இரவாகிவிட்டது. ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசி வரை கேட்டுத்தான் எழுதினார். அன்றைக்கு அரை நிமிடம் கேட்டுவிட்டுக் குப்பை என்று தள்ளியதும் மைத்துனி அனுப்பியதில் இருந்தது. அரை நிமிடம் வரை அதே மின்விசிறி, இருமல், குக்கர் விசில். நாற்பதாவது நொடியில் பாட்டு ஆரம்பித்தது.

மனைவி பால் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் தோளுக்கு மேலாக நோட்டைப் பார்த்தாள். அந்தப் பாட்டுக்கு நேரே குறிப்பில், 'முதலில் மின்விசிறிச் சத்தம், ஒரு இருமல், குக்கர் ஒரு விசில்' என்று எழுதியிருந்தார்.

"விசிலை எல்லாமா எழுதுவாங்க?" என்றாள். இரண்டு நாளில் அவள் அவரிடம் கேட்ட முதல் சாதாரணக் கேள்வி அது.

"இருக்கறதை இருக்கற மாதிரிதான் எழுதணும்" என்றார் அவர். பேனாவை மூடாமல், அடுத்த பாட்டைப் போட்டார்.